வெர்லின் நெஸ் கொடுத்த மேடு

ஆர்டிஸ் ப்ரெக்கே பதினாறு வருடமாகப் பால் லாரி ஓட்டுகிறாள். சந்தேகப்படுவதுதான் அவளுக்கு வேலை. பண்ணைக்குப் பண்ணை பால் அறைக்குள் போய், டேங்க் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பாள். மாடு காட்டுப்பூண்டு தின்றிருந்தால் தெரிந்துவிடும். தொட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்றாலும் தெரிந்துவிடும். குளிர் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதுவாள். ஒரு கரண்டி பாலைச் சின்னக் குப்பியில் ஊற்றி, பண்ணை எண்ணை மூடியில் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைப்பாள். அதற்கப்புறம்தான் குழாயை மாட்டுவாள். பண்ணைக்காரர் பக்கத்தில் நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் அவள் மூக்கு தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். கணவன் கர்ட் அயோவாவுக்குப் போய்விட்டது ஊரில் எல்லோருக்கும் அதிர்ச்சி. அவளுக்கு மட்டும் ஒரு வருடம் முன்னாலேயே தெரியும். கேட்காமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்திருந்தான் அவன்.

மகள் தோரா நேர் எதிர். பதினோரு வயது. யாரைப் பார்த்தாலும் பேசுவாள், யார் என்ன சொன்னாலும் நம்புவாள். பிப்ரவரியில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், கேள்வித்தாளில் ஒரே ஒரு தப்போடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தாள். ஏப்ரல் நடுவில் ஒரு சனியும் ஞாயிறும் சிறுவர்கள் மட்டும் வான்கோழி வேட்டையாடலாம். பெரியவர் ஒருவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். தோரா அந்த இரண்டு நாளையும் நாட்காட்டியில் பச்சை மையால் வட்டம் போட்டுவிட்டாள்.

ஆர்டிஸுக்குத் துப்பாக்கி இருந்தது, இடம் இல்லை. கர்ட் குடும்பத்துக்கு மேட்டுக்காடு எண்பது ஏக்கர் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் மான் வேட்டைக்குப் போவாள். இப்போது அந்தக் கேட்டில் புதுப் பூட்டு. தாயும் மகளும் இருப்பது நோர்டால் ஊருக்குள், தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில்.

முதலில் ஆற்றோரத்து அரசு வேட்டை நிலத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். சீசனுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் வண்டி நிறுத்துமிடத்தில் ஏழு பிக்கப் வண்டிகள் நின்றன. ஒன்றில் சாய்ந்துகொண்டு காபி குடித்துக்கொண்டிருந்த ஆள் தோராவைப் பார்த்துச் சிரித்தான்.

"இங்க ஒண்ணும் இல்ல கண்ணு. கோழியெல்லாம் எப்பவோ எடத்தக் காலி பண்ணிடுச்சு. வேற பக்கம் பாருங்க."

திரும்பி வரும்போது தோராவுக்கு முகம் வாடிவிட்டது. "பாவம்மா அவரு. இவ்ளோ தூரம் வந்து ஒண்ணுமே கெடைக்கலயாம்."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கு ஏழு வண்டி வருமா?" என்றாள் ஆர்டிஸ். "நிறையவே இருக்கு. அதான் நம்மள வெரட்டறான்."

"அப்ப இங்கயே வரலாமே."

"ஏழு பேர் துப்பாக்கியோட சுத்தற காட்டுல, கோழி மாதிரி சத்தம் கொடுத்துக்கிட்டு உன்ன உக்கார வெக்க மாட்டேன்."

அடுத்து, பால் எடுக்கிற பண்ணைகளில் கேட்பது. இதில் அவளுக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. பாலைச் சோதிக்கிறவள் போய் நிலம் கேட்டால் நாளைக்கு என்ன பேச்சு வரும்? கேட்காமலும் முடியாது. டென்னி குவாம் என்பவரிடம் கேட்டாள். கேள்வியை முடிப்பதற்குள் அவர், "தாராளமா வா, பொண்ணையும் கூட்டிட்டு வா, எந்தப் பக்கம் வேணுமோ உக்காரு" என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. இரண்டு நாள் கழித்து அவர் பாலை எடுக்கப் போனபோது டேங்கில் சூடு இருக்க வேண்டியதைவிட மூன்று டிகிரி கூடுதலாக இருந்தது.

"கம்ப்ரெஸர் கொஞ்சம் மக்கர் பண்ணுது ஆர்டிஸ்," என்றார் டென்னி, கதவில் சாய்ந்தபடி. "எழுதறப்ப பாத்து எழுதேன். நமக்குள்ள என்ன இருக்கு."

அவள் இருந்ததை இருந்தபடியே எழுதினாள். டென்னியின் காட்டைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

மார்ச் மாதம் தவக்காலப் புதன்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சூப் விருந்து நடக்கும். அந்த வாரம் பட்டாணி சூப். பரிமாறுவது சிறுமிகள். தோரா கிண்ணங்களைத் தட்டில் வைத்து மேஜை மேஜையாகக் கொண்டுபோனாள். ஆர்டிஸ் அந்தக் கோடியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், மகள் வெர்லின் நெஸ் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெர்லின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸின் கை நின்றுவிட்டது.

வெர்லின் நெஸ் அவளோடு பேசி நாலு வருடம் ஆகிறது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில், அவள் கொண்டுபோன லாரிப் பாலில் மாட்டுக்குப் போடுகிற மருந்து கலந்திருப்பதாக சீஸ் ஆலையில் கண்டுபிடித்தார்கள். ஆறு பண்ணைப் பால், ஒரு லாரி முழுக்க, சாக்கடைக்குப் போனது. குப்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது வெர்லின் குப்பி மாட்டியது. தண்டமும் அவருக்கே, கெட்ட பெயரும் அவருக்கே. அவர் தீவனக் கடையில் நின்று, நாலு பேர் கேட்க, "ப்ரெக்கே பொண்ணு குப்பிய மாத்தி எழுதிட்டா" என்றார். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது.

மாற்றி எழுதவில்லை என்று ஆர்டிஸ் எல்லோரிடமும் சொன்னாள். யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்று காலைதான் கர்ட் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் தூங்காமல் வண்டி எடுத்தாள். ஒவ்வொரு மூடியிலும் எண் எழுதியது நினைவில் இருந்தது. வெர்லின் பண்ணையில் எழுதியது மட்டும், எவ்வளவு யோசித்தாலும், கண்ணுக்குள் வரவில்லை. அன்றிலிருந்து மூடியில் ஒரு முறையும் குப்பியில் ஒரு முறையுமாக எண்ணை இரண்டு தடவை எழுதுகிறாள். அவளுடைய லாரி சத்தம் கேட்டாலே வெர்லின் பால் அறையை விட்டு வெளியே போய்விடுவார்.

சூப் விருந்து முடிந்து இரண்டாம் நாள், அவர் டேங்க் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து.

'பெண்ணை வேட்டைக்கு என் மேய்ச்சல் மேட்டுக்குக் கூட்டி வரலாம். இரண்டு நாளும். வேறு யாரையும் விட மாட்டேன். வெ. நெஸ்.'

மூன்று தடவை படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். நெஸ் மேட்டை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. சுற்றிலும் ஓக் மரங்கள், நடுவில் புல்வெளி. சாலையில் போகும்போதே வான்கோழிகள் மேய்வதைப் பார்க்கலாம். ஊரில் பாதிப் பேர் கேட்டு இல்லை என்று வாங்கிக்கொண்டு போன இடம். அது எதற்காகத் தனக்கு?

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டாள். "அன்னிக்கு அந்த வெர்லின்கிட்ட என்ன பேசின?"

"நெறைய பேசினேன். வேட்டை பத்தி, அவரு நாய் பத்தி."

"நம்ம எடம் தேடறோம்னு சொன்னியா?"

"சொல்லாம எப்படிம்மா எடம் கெடைக்கும்?"

ஆர்டிஸுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. அந்த மனுஷன் என்ன கணக்குப் போட்டிருப்பான் என்று யோசிப்பதிலேயே மனம் போய்விட்டது. உள்ளே வரச்சொல்லிவிட்டு அத்துமீறி நுழைந்ததாகப் புகார் கொடுப்பானோ? காகிதத்தின் படம் இருக்கிறது, அது நடக்காது. அப்புறம் என்ன?

ஏப்ரல் முதல் ஞாயிறு மத்தியானம் இருவரும் மேட்டைப் பார்க்கப் போனார்கள். மரங்கள் இன்னும் தளிர் விடவில்லை. தரையெல்லாம் போன வருடத்துச் சருகு. தோரா முன்னால் ஓடி ஓடிக் கண்டுபிடித்தாள். கோழிகள் சருகைக் கிளறிப் போட்ட இடம், மண் குளியல் போட்ட குழி, கோடு போட்ட ஒரு சிறகு. ஆர்டிஸ் வேலி ஓரமாகவே நடந்தாள். அவள் தேடியது கோழியை அல்ல.

வடகிழக்கு மூலையில், பெரிய ஓக் மரத்தடியில் அது கிடந்தது. மக்காச்சோளம். ஒரு வாளி இருக்கும். மஞ்சள் மங்காமல், இன்று நேற்றுக் கொட்டியதுபோல.

தோரா குனிந்து பார்த்தாள். "அம்மா, தீனி போட்ட எடத்துல வேட்டையாடினா சட்டப்படி குத்தம். வகுப்புல சொன்னாங்க."

"தெரியும்."

எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது ஆர்டிஸுக்கு. சனிக்கிழமை காலை இருவரும் வந்து உட்காருவார்கள். வனத்துறைக்காரருக்கு ஒரு போன். துப்பாக்கி போகும், உரிமம் போகும். ஊரார் பாலையெல்லாம் சோதிக்கிறவள் சோளத்தைக் கொட்டிப் பிள்ளைக்குக் கோழி பிடித்துக் கொடுத்தாள் என்று தீவனக் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். நாலு வருடம் காத்திருந்து செய்திருக்கிறான்.

வந்த வேகத்திலேயே கீழே இறங்கினாள். வெர்லின் களத்தில் விதைப்பு இயந்திரத்துக்கு அடியில் படுத்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

"வெர்லின். வெளிய வாங்க."

அவர் முழங்கையை ஊன்றி நகர்ந்து வந்தார். அறுபதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"மூலையில சோளம் கொட்டி இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

"எந்த மூலையில?"

"எந்த மூலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் அவளையே பார்த்தார். கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. "ஒரு கொழந்தைய மாட்டி விடறதுக்கு என் நெலத்துல நானே தீனி போடுவேன்னு நெனக்கிறியா?"

"ஆமா. அதான் நெனக்கிறேன்."

தோரா நாயின் காதைத் தடவிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெர்லின் துணியை வீசிவிட்டு, "வண்டியில ஏறுங்க" என்றார்.

மேட்டு மூலையில் இறங்கி, சோளத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈர மண்ணைக் காட்டினார். சின்ன ரப்பர் பூட்ஸ் தடம். அதற்கு வலது பக்கத்தில், அடிக்கு ஒன்றாக, காசு அகலத்தில் வட்டக் குழி.

"கைத்தடி," என்றார். "லவான்."

லவான் அவருடைய மனைவி. இடுப்பெலும்பு அறுவை ஆனதிலிருந்து தடியோடுதான் நடக்கிறாள்.

"அவங்க எதுக்கு இங்க வந்து சோளம் போடணும்?"

"அத அவளத்தான் கேக்கணும்." எழுந்தவர், வண்டிக்குப் போகாமல் நின்றார். தோரா தூரத்தில் சிறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சோளம் போட்டது நான் இல்ல ஆர்டிஸ். மத்தது நான்தான்."

"எது?"

"அந்தப் பால்ல மருந்து இருந்துச்சு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாடு ஒண்ணு. கால்ல செவப்புப் பட்ட கட்டணும். வேலைக்கு வர்ற பையன் கட்ட மறந்துட்டான். நான் அத மத்த மாடுகளோட சேத்துக் கறந்துட்டேன். கடையில பேசிட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

ஆர்டிஸ் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வந்தது கோபம் இல்லை. எழுதியிருக்கிறேன், அன்றைக்கும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கண் நிறைந்துவிடுமோ என்று பயந்து சோளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் அதற்கப்புறம் வந்தது.

"நாலு வருஷம்."

"ஆமா."

"கடையில நாலு பேர வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க."

"சொன்னேன். மொதல்ல கோவத்துல சொல்லிட்டேன். அப்புறம் திருப்பி வாங்கத் தெரியல."

"இப்ப மட்டும் என்ன?"

வெர்லின் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒம் பொண்ணு சூப்ப என் முன்னால வெச்சுட்டு, 'நீங்கதானே எங்கம்மா மேல கோவமா இருக்கறவரு'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'அவங்க என்ன பண்ணாங்க'ன்னா. எனக்கு வாயில ஒண்ணும் வரல. பக்கத்துல பாதிரியார் வேற உக்காந்திருக்காரு."

"அதுக்குப் பதிலா மேட்டக் குடுத்துடலாம்னு பாத்தீங்க."

"அப்படித்தான்னு வெச்சுக்கோ."

"கடையில சொன்னத, கடையிலயே போய்த் திருப்பிச் சொல்லணும்."

அவர் சோளத்தை அள்ள மண்வெட்டி எடுத்து வந்தார். மூன்று பேரும் ஒரு மணிகூட விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள்.

லவான் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பைனாகுலர், ஒரு நோட்டுப் புத்தகம். சாக்கைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கொஞ்சமும் அசரவில்லை.

"என்னக் கேக்காம என் கோழியத் தூக்கிக் குடுத்துட்டாரு," என்றாள். "நாலு மாசம் இந்த நாற்காலியில கெடந்தேன். காலையில எழுந்தா எனக்கு அதுங்கதான். இவரு பாட்டுக்குக் காகிதத்துல எழுதி ஒட்டிட்டு வந்து சொல்றாரு."

"அதுக்கு?"

"தீனி கெடக்கற எடத்துல நீ உக்கார மாட்டேன்னு தெரியும் ஆர்டிஸ். டேங்க்ல அரை டிகிரி விட மாட்ட. நீ எப்படியும் மொதல்ல வந்து தேடுவ, பாத்துட்டுப் போயிடுவன்னு நெனச்சேன். சண்டைக்கு வருவன்னு நெனக்கல."

ஆர்டிஸை ஒருவர் இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டது இதுதான் முதல் தடவை.

தோரா ஜன்னலை ஒட்டி நின்று வெளியே பார்த்தாள். "அப்ப எந்தக் கோழியெல்லாம் உங்களோடது இல்ல?"

லவான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெர்லின் அலமாரியில் காபிக் கோப்பையைத் துழாவினார். லவான் தடியால் தெற்கே காட்டினாள்.

"அந்த மேட்டுக்குப் பின்னால ஒரு ஊத்து இருக்கு. அங்க ஒரு கூட்டம். அதுங்க இந்தப் பக்கம் வராது. அங்க வெச்சிருக்கற தீவனப் பையெல்லாம் கிழிக்கறது அதுங்கதான். அங்க போ. என் மூலைப்பக்கம் ஒரு வேட்டு கேட்டுச்சுன்னா, இந்த வீட்டுப் படி மிதிக்காத."

"சரிங்க," என்றாள் தோரா.

காரில் ஏறியதும் ஆர்டிஸ் சொன்னாள்: "ஊத்துல ஒண்ணும் இருக்காது. கோழியே இல்லாத எடமாப் பாத்துக் காட்டி இருக்கா."

"ஏம்மா நீ இப்படி?"

அடுத்த வாரத்தில் இரண்டு நாள், பால் எடுக்கப் போவதற்கு முன், விடிகிற நேரத்தில் தெற்குச் சாலையில் லாரியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டாள். முதல் நாள் கொக்குகள்தான் கத்தின. இரண்டாம் நாள், ஊற்றுப் பக்கத்து மரங்களில், தொண்டைக்குள் கூழாங்கல்லை உருட்டியதுபோல் ஒரு சேவல் குரல் கொடுத்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. அவள் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாள். பதினாறு வருடத்தில் அப்படிப் போனதில்லை.

சனிக்கிழமை ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. ஒரு மரத்தில் சாய்ந்து இருவரும் நாலு மணி நேரம் உட்கார்ந்தார்கள். பேடைகள் மட்டும் வந்து போயின. யாராவது முன்னாலேயே வந்து சேவல்களைக் கலைத்துவிட்டார்களோ என்று ஆர்டிஸ் சேற்றில் தடம் தேடினாள். மான் தடம்தான் இருந்தது.

ஞாயிறு வானம் தெளிந்துவிட்டது. ஆர்டிஸ் சின்ன மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்துப் பேடைக் குரல் கொடுத்தாள். சேவல் உடனே பதில் கொடுத்தது. அரைமணி நேரம் அது வருவதும் நிற்பதுமாக இருந்தது. கடைசியில் ஊற்றுக்கு மேலே, வாலை விசிறியாக விரித்து, தலை நீலமும் சிவப்புமாக, மார்பில் தாடிபோல் ஒரு முடிக்கற்றை தொங்க நடந்து வந்தது. அதற்கு நேர் பின்னால் ஒரு பேடை. தோரா துப்பாக்கியை முழங்காலில் ஊன்றிக் குறி வைத்திருந்தாள். ஆர்டிஸ் அவள் காதருகே, "இப்ப" என்றாள்.

தோரா சுடவில்லை.

"இப்ப கண்ணு, இப்ப."

"பின்னால பொட்ட இருக்கு," என்று உதடு அசையாமல் சொன்னாள் தோரா.

சேவல் கழுத்தை நீட்டிப் பார்த்தது. போய்விடும் என்று ஆர்டிஸ் நினைத்தாள். பேடை எதையோ கொத்திக்கொண்டு இரண்டடி விலகியது. வேட்டு அதிர்ந்தது.

சேவல் விழுந்து, சிறகை இரண்டு முறை அடித்து, அடங்கியது. தோரா எழவில்லை. முகம் வெளுத்திருந்தது. "காது கேக்கலம்மா," என்றாள். பிறகு ஓடினாள். இறகு வெயிலில் செம்பும் பச்சையுமாக மின்னியது. அவள் ஒரு விரலால் மட்டும் தொட்டாள். அப்படியே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். ஆர்டிஸ் வேட்டை உரிமச் சீட்டை எடுத்துத் தேதி எழுதிச் சேவலின் காலில் கட்டினாள்.

லவானிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோரா பிடிவாதம் பிடித்தாள். லவான் தடியை ஊன்றி வாசலுக்கு வந்தாள். கோழியின் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு காலிலும் முள் முழுசாக இருந்தது.

"என்னோட பெரிய சேவலுக்கு எடது கால்ல முள் ஒடஞ்சிருக்கும்," என்றாள். "இது அது இல்ல. உள்ள வாங்க."

காபியும் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு ரொட்டியும் கொடுத்தாள். வெர்லின் கறவையை முடித்துவிட்டு வந்து, கோழியைக் கையில் தூக்கி, இருபது பவுண்டு தேறும் என்றார். தேறவில்லை, பத்தொன்பதுதான். கிளம்பும்போது அவர் கையை நீட்டினார். ஆர்டிஸ் கை கொடுத்தாள்.

"மன்னிச்சுட்டியா?" என்று காரில் கேட்டாள் தோரா.

"யோசிச்சுட்டு இருக்கேன்."

ஜூன் மாதம் வெர்லின் தீவனக் கடையில், கவுண்டரில் இருந்த பெண்ணிடம், உப்புக்கட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டே, "அந்த ப்ரெக்கே பொண்ணு குப்பி சரியான குப்பிதான். தப்பு என்னோடது" என்றாராம். அந்தப் பெண் வந்து சொன்னபோது, கடையில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று ஆர்டிஸ் கேட்டாள். மூன்று பேர். பெயரையும் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம், உறைபெட்டியில் வைத்திருந்த கோழியின் மார்பைத் துண்டு போட்டு வெண்ணெயில் வறுத்தார்கள். கால்கள் ஒரு பகல் முழுக்க அடுப்பில் வெந்தன. தோரா நெஸ் தம்பதிக்கு நன்றிக் கடிதம் ஒன்று எழுதி, ஒட்டித் தரச்சொல்லி அம்மாவிடம் கொடுத்தாள். ஆர்டிஸ் அதைப் பிரித்து முழுதும் படித்தாள். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. கடைசி வரியில், 'அடுத்த வருடம் முதலில் உங்களைத்தான் கேட்பேன், திருமதி நெஸ், அப்புறம்தான் அவரை' என்று இருந்தது. பிழைகளைத் திருத்தாமல் ஒட்டித் தபாலில் போட்டாள்.